ஜெயிக்கிற குதிரையா, நம்ம வீட்டுக் குதிரையா?

அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு நடக்கும் தேர்தலில் குடியரசுக் கட்சி சுலபமாக ஜெயித்திருக்க வேண்டிய ஒரு இடத்தில் தோற்றுவிட்டால், இங்கே செய்தி பார்க்கும் நம்மாட்கள் கேட்கும் முதல் கேள்வி: "இந்த ஆளுக்குப் போய் யார் சீட் கொடுத்தது?" நமக்குப் பழக்கம் அப்படி. கட்சித் தலைமையிடமிருந்து பட்டியல் வரும். பெயர் இருந்தால் பட்டாசு, இல்லாவிட்டால் சுயேச்சையாக மனுத்தாக்கல்.

அங்கே அப்படி சீட் கொடுக்கிற ஆளே கிடையாது. பெரும்பாலான மாநிலங்களில் கட்சி ஆதரவாளர்களே வாக்குச்சாவடிக்குப் போய், தங்கள் கட்சிக்குள் போட்டியிடுபவர்களில் ஒருவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த முதல் சுற்றுக்குப் பெயர் பிரைமரி. அதில் ஜெயித்தவர்தான் நவம்பரில் எதிர்க்கட்சி வேட்பாளரோடு மோதுவார். அது பொதுத் தேர்தல்.

ஆக, நம்மூரில் தலைமை மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அங்கே சாதாரணத் தொண்டன் தலையில் விழுகிறது. குடியரசுக் கட்சியின் பெருங்கூட்டம் கன்சர்வேடிவ்கள், அதாவது வரி குறைய வேண்டும், அரசாங்கம் சின்னதாக இருக்க வேண்டும், துப்பாக்கி உரிமையில் கை வைக்கக்கூடாது, கருக்கலைப்பு கூடாது என்று நினைப்பவர்கள். இவை அத்தனையிலும் தன்னோடு ஒத்துப்போகிறவருக்கு ஓட்டுப் போடுவதா, பாதியில்தான் ஒத்துப்போவார் ஆனால் நவம்பரில் ஜெயிப்பார் என்று தோன்றுகிறவருக்குப் போடுவதா? "கொள்கைவாதி தோற்பான், சமரசக்காரன் ஜெயிப்பான்" என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

## காரைக்குடி மெஸ்

காரைக்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் மெஸ் ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறப்பதற்கு முந்தின நாள் வீட்டு ஆட்களுக்கு மட்டும் இலை போடுகிறார்கள். மிளகுக் கோழியை இரண்டு விதமாகச் செய்து, எதைக் கடையில் போடலாம் என்று கேட்கிறார்கள். பெரியப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னடா இது, காரமே இல்ல?" என்கிறார். அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் அதே நாக்கு. கை தூக்கச் சொன்னால் காரமான கோழிக்குத்தான் பெரும்பான்மை.

மறுநாள் கடை திறக்கிறது. வருகிறவர்கள் ஐடி கம்பெனிப் பிள்ளைகள், பாதிப் பேர் வெளிமாநிலம். ஒரு வாய் வைத்ததும் தண்ணீர் கேட்கிறார்கள். அடுத்த நாள் எதிர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, காரத்தைக் குறைக்கலாம். குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது எந்தத் தெருவிலும் கிடைக்கிற கோழி ஆகிவிடும். "இதுக்கு எதுக்குடா நம்ம ஊர்ப் பேரைப் போட்டுக் கடை வைக்கணும்?" என்று பெரியப்பா கேட்பார். அவர் கேட்பதிலும் தப்பில்லை.

வீட்டு இலைதான் பிரைமரி. தெருவுக்குத் திறந்த கடை, பொதுத் தேர்தல். ஒரே ஒரு வித்தியாசம்: மெஸ்ஸில் காரத்தை மறுநாளே மாற்றிக்கொள்ளலாம். பிரைமரியில் பெரியப்பாக்களின் கைதட்டலுக்காகப் பேசிய பேச்சு வீடியோவாகத் தங்கிவிடும். நவம்பரில் எதிராளி அதையே விளம்பரமாக ஓட்டுவார்.

## டெலவேர், 2010

இது கற்பனை மெஸ். இனி நிஜக் கடைக்கு வருவோம்.

டெலவேர் கிழக்குக் கரையில் ஒரு குட்டி மாநிலம். ஜோ பைடன் துணை அதிபரானதால் காலியான செனட் இடத்துக்கு 2010-இல் தேர்தல் வந்தது. ஜனநாயகக் கட்சிக்குச் சாய்வான மாநிலம்தான். ஆனால் குடியரசுக் கட்சியில் மைக் காஸில் இருந்தார். 1985 முதல் 1992 வரை அங்கே கவர்னர் (நம்மூர் ஆளுநர் மாதிரி நியமனம் இல்லை, மக்கள் ஓட்டில் வருகிற பதவி). 1993 முதல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். அந்தச் சபையில் டெலவேருக்கு ஒரே இடம்தான் என்பதால், ஒவ்வொரு முறையும் மாநிலம் முழுவதிலும் ஓட்டு வாங்கி ஜெயித்தவர். அவர் நின்றால் செனட் இடம் கைக்கு வந்துவிடும் என்றுதான் கருத்துக்கணிப்புகள் சொல்லின.

ஆனால் பெரியப்பாக்களுக்கு அவர் மேல் தீராத கோபம். கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தார். 2009-இல் ஜனநாயகக் கட்சியின் பருவநிலை மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட எட்டே எட்டு குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் அவரும் ஒருவர். இப்படிப்பட்டவர்களுக்குக் கட்சிக்குள் ஒரு வசைப்பெயர் உண்டு: ரைனோ. பேருக்குத்தான் குடியரசுக் கட்சிக்காரர் என்று அர்த்தம். அது டீ பார்ட்டி அலை அடித்த வருடம் வேறு. அரசுச் செலவுக்கும் ஒபாமாவின் திட்டங்களுக்கும் எதிராக 2009-இல் கிளம்பிய கன்சர்வேடிவ் எழுச்சிக்கு அந்தப் பெயர். அவர்கள் கிறிஸ்டின் ஓடானல் என்பவரை ஆதரித்தார்கள். இரண்டு வருடம் முன்னால் இதே இடத்தில் பைடனிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றவர் அவர்.

செப்டம்பர் 14 அன்று பிரைமரி. டெலவேரில் அது மூடிய பிரைமரி, அதாவது அந்தக் கட்சிக்காரர் என்று முன்பே பதிவு செய்தவர்கள் மட்டும் ஓட்டுப் போடலாம். (எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை. சில இடங்களில் யார் வேண்டுமானாலும் போடலாம்.) போட்டவர்கள் சுமார் 57,000 பேர். ஓடானல் ஏறக்குறைய 3,500 ஓட்டு வித்தியாசத்தில் காஸிலைத் தோற்கடித்தார்.

நவம்பரில் ஓட்டுப் போட்டவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். இடைப்பட்ட வாரங்களில் ஓடானலின் பழைய டிவி பேச்சு ஒன்று வெளியே வந்தது. இளவயதில் சூனியம், மந்திரம் என்று கொஞ்சம் எட்டிப் பார்த்ததாக அதில் சொல்லியிருந்தார். அதைச் சமாளிக்க அவர் வெளியிட்ட விளம்பரம் "நான் சூனியக்காரி இல்லை" என்றே ஆரம்பித்தது. ஒரு வேட்பாளர் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டால், மேற்கொண்டு கொள்கை பேச நேரம் ஏது? ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸ் 57 சதவீதம் வாங்கினார், ஓடானல் 40.

சுருக்கமாக: வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த கூட்டம், பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்ட கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு கூட்டத்துக்கும் நாக்கு வேறு.

## பக்லி சொன்ன விதி

இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய மருந்து உண்டு. அமெரிக்க கன்சர்வேடிவ் சிந்தனைக்கு மேடை போட்டுக் கொடுத்த பத்திரிகையாளர் வில்லியம் பக்லி, 1968 அதிபர் தேர்தலுக்கு முந்தின வருடம் சொன்னது: ஜெயிக்கக்கூடியவர்களில் யார் அதிக வலதுசாரியோ அவரை ஆதரிப்பேன். பக்லி விதி என்று இதைச் சொல்வார்கள்.

இந்த விதியை இரண்டு தரப்பும் பாதி பாதியாகப் பிய்த்து எடுத்துக்கொள்கிறார்கள். "ஜெயிக்கக்கூடியவர்" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு எந்த வழவழா ஆளையும் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம், "அதிக வலதுசாரி" என்ற சொல்லை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் இன்னொரு பக்கம். பக்லி சொன்னது இரண்டு படி. முதலில் ஜெயிக்க வாய்ப்பே இல்லாதவர்களைக் கழித்துவிடு. மிச்சம் இருப்பவர்களில் உன் கொள்கைக்கு மிக நெருக்கமானவரைப் பிடி.

வேடிக்கை என்னவென்றால், இதே பக்லி 1965-இல் நியூயார்க் மேயர் தேர்தலில் ஒரு சிறு கட்சியின் சார்பில் தானே நின்றார். ஜெயித்தால் முதல் வேலையாக என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, மறு எண்ணிக்கை கேட்பேன் என்றார். 13 சதவீதம் வாங்கினார். தன் கருத்து ஊருக்குக் கேட்டால் போதும் என்று நிற்பது ஒன்று, பதவிக்காக நிற்பது இன்னொன்று என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

## கூட்டல் இல்லை, பெருக்கல்

சண்டை போடுகிறவர்களில் பலர் தடுமாறும் இடம் இதுதான். கொள்கையையும் வெற்றி வாய்ப்பையும் தராசின் இரண்டு தட்டு மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒன்றை மற்றதால் பெருக்க வேண்டும். ஜெயிக்காதவரின் நூறு சதவீதக் கொள்கைக்கு செனட்டில் மதிப்பு பூஜ்யம்.

எண்ணை வைத்தே பார்க்கலாம் (நானாக வைத்துக்கொண்ட எண்கள், கணக்கு புரிவதற்காக). நமக்கு முக்கியமான 100 வாக்கெடுப்புகளில் 90-இல் நம் பக்கம் ஓட்டுப் போடுபவர் முருகன். 50-இல் மட்டும் போடுபவர் செல்வம். எதிர்க்கட்சிக்காரர் 10-இல் போடுவார்.

கடினமான ஒரு மாநிலம். முருகன் ஜெயிக்க 20 சதவீதம் வாய்ப்பு, செல்வத்துக்கு 80 சதவீதம். முருகனை நிறுத்தினால் எதிர்பார்க்கக்கூடியது 90-இல் 20 சதவீதமான 18, தோற்றால் வருகிறவரின் 10-இல் 80 சதவீதமான 8. மொத்தம் 26. செல்வத்தை நிறுத்தினால் 40, அதோடு 2. மொத்தம் 42. கொள்கைப் பிடிப்பு உள்ளவர்களே செல்வத்துக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும்.

இப்போது அதே இரண்டு பேரை நம் கட்சிக் கோட்டையான மாநிலத்துக்குக் கொண்டுபோவோம். முருகனுக்கு 90 சதவீதம் வாய்ப்பு, செல்வத்துக்கு 98. முருகனை நிறுத்தினால் 82. செல்வத்தை நிறுத்தினால் 49-தான். இங்கே "ஜெயிக்கிற ஆள்" என்று சொல்லி செல்வத்தைத் தள்ளிவிடுபவர் உங்களை ஏமாற்றுகிறார்.

ஆட்கள் மாறவில்லை, கொள்கையும் மாறவில்லை. இடம் மாறியது, விடை தலைகீழாகிவிட்டது. குடியரசுக் கட்சிக் கோட்டையான யூட்டாவில் சரியான முடிவு டெலவேரில் தப்பான முடிவாக இருக்கலாம். "நீ கொள்கைவாதியா, சமரசவாதியா?" என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமே இல்லை. எந்த மாநிலம் என்று முதலில் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கில் விட்டுப்போன ஒன்றும் உண்டு. செனட்டில் எந்தக் கட்சிக்கு அதிக உறுப்பினர்களோ அந்தக் கட்சிதான் எந்த மசோதா விவாதத்துக்கு வரும், எந்த நீதிபதி நியமனம் நகரும் என்று முடிவு செய்யும். பருவநிலை மசோதாவில் காலை வாரிய காஸில்கூட இந்த எண்ணிக்கையில் முழு ஒன்றாகத்தான் நிற்பார்.

## ஜெயிப்பார் என்று யார் சொன்னது?

இதுவரை படித்தவர்கள் நான் செல்வம் கட்சி என்று நினைத்திருக்கலாம். மேலே நான் போட்ட 20, 80 எல்லாம் எங்கிருந்து வந்தன என்று யோசித்துப் பாருங்கள். கொள்கைப் பிடிப்பு எவ்வளவு என்பது பழைய வாக்கெடுப்புகளைப் புரட்டினால் தெரிந்துவிடும். வெற்றி வாய்ப்பு அப்படியில்லை, அது வெறும் ஊகம். அந்த ஊகத்தைச் சொல்பவருக்கும் ஒரு கட்சிக்குள் ஒரு கோஷ்டி உண்டு.

1964-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டர் அதிதீவிரம், தோற்பார் என்றார்கள். 50 மாநிலங்களில் ஆறை மட்டும் ஜெயித்துத் தோற்றார். சொன்னது பலித்தது. 1980-இல் ரொனால்ட் ரீகனைப் பற்றியும் அதையே சொன்னார்கள். ரொம்ப கன்சர்வேடிவான ஒருவர் தேசிய அளவில் ஜெயிக்க முடியாது என்று, அதே கட்சியின் முன்னாள் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டே வெளிப்படையாகச் சொன்னார். ரீகன் 44 மாநிலங்களை வாரிக்கொண்டு போனார். மறுபுறம், ஜெயிக்கக்கூடியவர் என்ற முத்திரையோடு நிறுத்தப்பட்ட மிட் ராம்னி 2012-இல் 206 தேர்வாளர் வாக்குகளோடு (அதிபராக 270 வேண்டும்) தோற்று நின்றார். நான்கு வருடம் கழித்து, ஜெயிக்கவே மாட்டார் என்று ஏறக்குறைய எல்லாரும் எழுதிய டொனால்ட் ட்ரம்ப் வெள்ளை மாளிகைக்குப் போனார்.

டெலவேர் நடந்த அதே 2010-இல் ஃப்ளோரிடாவிலும் இந்தக் கூத்து நடந்தது. பதவியில் இருந்த கவர்னர் சார்லி கிறிஸ்ட்தான் ஜெயிப்பார் என்று கட்சி மேலிடம் முன்கூட்டியே ஆதரவு கொடுத்துவிட்டது. எதிரில் நின்ற மார்கோ ரூபியோவை அப்போது பலருக்குத் தெரியாது. மாதம் போகப்போக ரூபியோ முந்தினார். பிரைமரியில் தோற்போம் என்று தெரிந்ததும் கிறிஸ்ட் கட்சியை விட்டே வெளியேறி சுயேச்சையாக நின்றார். நவம்பரில் ரூபியோவுக்கு 49 சதவீதம், கிறிஸ்ட்டுக்கு சுமார் 30.

அதற்காக ஊகம் என்றால் குருட்டு ஊகம் என்று தள்ளிவிடவும் முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஆண்ட்ரூ ஹால், 1980 முதல் 2010 வரை நடந்த பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களில், மிதவாதி ஒருவரும் தீவிரமானவர் ஒருவரும் மோதி மயிரிழையில் முடிந்த பிரைமரிகளை எடுத்துப் பார்த்தார். தீவிரமானவர் தப்பிப் பிழைத்த தொகுதிகளில், பொதுத் தேர்தலில் அந்தக் கட்சியின் ஓட்டு சராசரியாக 9 முதல் 13 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. "தீவிரமா நின்னா நம்ம ஆளுங்க திரண்டு வருவாங்க" என்ற வாதத்துக்கும் அவர் பிறகு செய்த ஆய்வில் அடி விழுந்தது. தீவிர வேட்பாளரைப் பார்த்துத் திரண்டு வந்தது பெரும்பாலும் எதிர்க்கட்சியின் ஆட்கள்தான்.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்: காரம் கூடினால் சராசரியாக ஓட்டு குறையும். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆள் ஜெயிப்பாரா என்று அந்தச் சராசரி சொல்லாது.

## தோற்றது கொள்கையா, ஆளா?

சராசரி பிசகுவதற்கு ஒரு காரணம் ஆள். 2012-இல் மிசௌரியில் நின்ற டாட் ஏகின், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் அபூர்வமாகத்தான் கருவுறுவார்கள் என்கிற மாதிரி ஒரு பேட்டியில் உளறினார். கருக்கலைப்பை எதிர்க்கும் எத்தனையோ பேர் மிசௌரியில் சுலபமாக ஜெயித்திருக்கிறார்கள். ஏகின் 15 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். இவரை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் கிளேர் மெக்காஸ்கில், பிரைமரி சமயத்திலேயே "ஏகின் ரொம்ப கன்சர்வேடிவ்" என்று காசு போட்டு விளம்பரம் செய்தார். படிக்க வசை மாதிரி இருக்கும். குடியரசுக் கட்சி வாக்காளர் காதில் அது பாராட்டு. தனக்கு வசதியான எதிராளியைத் தானே பொறுக்கி எடுத்துக்கொண்டார்.

2022 ஜார்ஜியா இன்னும் தெளிவு. ஒரே நாள், ஒரே வாக்குச்சீட்டு. கவர்னர் பதவிக்கு குடியரசுக் கட்சியின் பிரையன் கெம்ப், செனட்டுக்கு அதே கட்சியின் ஹெர்ஷல் வாக்கர். கெம்ப் ஒன்றும் மிதவாதி இல்லை, கருக்கலைப்புக்குக் கடும் கட்டுப்பாடு போட்ட சட்டத்தில் கையெழுத்திட்டவர். அவர் 7 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரமான வாக்கருக்கு, கெம்ப்புக்கு விழுந்ததைவிட சுமார் 2 லட்சம் ஓட்டு குறைவாக விழுந்தது. இரண்டாம் சுற்றுத் தேர்தல் வரை இழுத்துத் தோற்றார். கெம்ப்புக்குப் போட்டுவிட்டு வாக்கரைத் தாண்டிப் போன அந்த வாக்காளர்கள் கொள்கையை நிராகரித்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

என் அபிப்பிராயத்தில் இந்த விவாதத்தின் பெரிய குழப்பம் இங்கேதான். வாய் அடக்கத் தெரியாதவரை, வீட்டுப்பாடம் செய்யாதவரை, கைதட்டலுக்காக மட்டும் பேசுபவரைக் "கொள்கைக் குன்று" என்று தூக்கி வைக்கிறார்கள். தோற்றதும் கொள்கை தோற்றது என்று அழுகிறார்கள்.

## ஒரே இருக்கை, பதினெட்டு வருடம்

கடைசியாக பென்சில்வேனியா. இத்தனை விஷயமும் ஒரே செனட் இருக்கையில் நடந்து முடிந்த இடம் அது.

2004. பதவியில் இருந்த ஆர்லன் ஸ்பெக்டர் மிதவாதி, மாநிலம் முழுக்கச் செல்வாக்கு. அவரை எதிர்த்துப் பிரைமரியில் நின்ற பாட் டூமி கறார் கன்சர்வேடிவ். டூமி நின்றால் இடம் போய்விடும் என்று அதிபர் புஷ்ஷே ஸ்பெக்டருக்காகப் பிரச்சாரம் செய்தார். 51-க்கு 49 என்று ஸ்பெக்டர் தப்பினார், நவம்பரிலும் ஜெயித்தார். பக்லி விதிப்படி கச்சிதம்.

2009 ஏப்ரல். அடுத்த பிரைமரியில் டூமியிடம் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் ஸ்பெக்டர் ஜனநாயகக் கட்சிக்குத் தாவிவிட்டார். அந்த வருடக் கடைசியில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா செனட்டுக்கு வந்தது. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 பேர் வேண்டும். கிடைத்தது சரியாக 60. அதில் ஒன்று ஸ்பெக்டருடையது. ஐந்து வருடம் முன்னால் குடியரசுக் கட்சி பாடுபட்டுக் காப்பாற்றிய அதே ஓட்டு. மேலே செல்வத்துக்கு 50 மதிப்பெண் போட்டோமே, அவர் கட்சி மாறிவிட்டால் எத்தனை என்று அந்தக் கணக்கில் இடமே வைக்கவில்லை.

2010-இல் டூமி நின்றார். ஜெயிக்க மாட்டார் என்று சொல்லப்பட்டவர் 51-க்கு 49 என்று ஜெயித்தார், 2016-இல் மறுபடியும். 2021 பிப்ரவரியில், ட்ரம்ப் மீதான பதவி நீக்க விசாரணையில் அவரைக் குற்றவாளி என்று ஓட்டளித்த ஏழு குடியரசுக் கட்சி செனட்டர்களில் டூமியும் ஒருவர். கொள்கைக்காகவே கொண்டாடப்பட்டவரை இப்போது அதே மாநிலத்தின் மாவட்டக் கட்சிக் கிளைகள் கண்டித்துத் தீர்மானம் போட்டன. வரி, செலவு விஷயத்தில் அவர் இம்மிகூட மாறவில்லை. வீட்டு இலையில் உட்கார்ந்தவர்களின் நாக்குதான் மாறியிருந்தது.

டூமி 2022-இல் நிற்கவில்லை. பிரைமரியில் டிவி டாக்டர் மெஹ்மெத் ஆஸும் தொழிலதிபர் டேவ் மெக்கார்மிக்கும் மோதினார்கள். ட்ரம்ப் ஆஸை ஆதரித்ததோடு நிற்காமல், மேடையேறி மெக்கார்மிக்கைத் தாக்கியும் பேசினார். மறு எண்ணிக்கை வரை போய், ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் ஆஸ் வேட்பாளரானார். நவம்பரில் ஜான் ஃபெட்டர்மேனிடம் தோற்றார், இருக்கை ஜனநாயகக் கட்சிக்குப் போனது.

இரண்டு வருடம் கழித்து மாநிலத்தின் இன்னொரு செனட் இருக்கைக்கு மெக்கார்மிக் மறுபடி வந்தார். இந்த முறை பிரைமரியில் அவரை எதிர்த்து யாருமே இல்லை. ட்ரம்ப்பும் ஆதரவு கொடுத்தார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் பாப் கேசியை அரை சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்கடித்து செனட்டுக்குள் போனார்.